சா: திராவிட மொழிகளில் இறப்பைக் குறிக்கும் சொல்

‘சா’ என்பது உயிர் நீங்குதலைக் குறிக்கும் தமிழ் வினைப்பகுதி ஆகும். இது சாகிறான், செத்தான், சாவான் எனக் காலம் காட்டும். சாவு, சாதல், சாக்காடு ஆகியன இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள். சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் இச்சொல் தயக்கமின்றி ஆளப்பட்டுள்ளது.

இன மொழிகளில்

கன்னடத்தில் ‘ஸாய்’, தெலுங்கில் ‘சச்சு’, மலையாளத்தில் ‘சாகுக’, துளுவில் ‘ஸை’, கோண்டியில் ‘ஸா’ என இது வழங்குகிறது. செத்தான் என்பதைக் கன்னடர் ‘ஸத்தனு’ என்பர். தெலுங்கர் ‘சச்சாடு’ என்பர். வட திராவிட மொழிகளில் முதலெழுத்து ககரமாக உள்ளது. ஜார்க்கண்டு பகுதியின் குடுக்கு, மால்தோ மொழிகளில் ‘கெ’ என்றும், பலுச்சிஸ்தானத்தின் பிராகுயியில் ‘கஹ்’ என்றும் பகுதி அமைகிறது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே சொற்குடும்பமாகக் காட்டுகிறது.

‘சா’ எனும் நெடில், ‘செத்தான்’ என்பதில் குறிலாவது ஏன்? மூலச்சொல்லின் இறுதியில் ஒரு தொண்டையொலி இருந்தது என்றும், அது மறைந்த இடத்தில் உயிர் நீண்டது என்றும் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி விளக்கினார்.

சீன ஒப்புமை

சீன-திபெத்திய குடும்பத்திலும் இதே நிலைதான். சாதலைக் குறிக்கும் சொல் மாண்டரினில் ‘ஸி’, கான்டனீசில் ‘ஸே’, திபெத்தியத்தில் ‘ஷி’ என ஒலிக்கிறது. நான்கு என்னும் எண்ணும் ஏறக்குறைய இவ்வாறே ஒலிப்பதால் சீனர் பலர் அவ்வெண்ணைத் தவிர்க்கின்றனர்.

மங்கல வழக்கு

தமிழரும் நேரடிச் சொல்லைத் தவிர்ப்பதுண்டு. காலமானார், இயற்கை எய்தினார் என்பன பொது வழக்கு. இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் வைணவ மரபினர் ‘பரமபதித்தார்’ என்பர். மலையாளத்தில் ‘சத்து’ பெரும்பாலும் விலங்குகளுக்கே உரியதாகிவிட்டது. பேச்சில் நாகரிகம் கருதி ஒதுக்கினாலும், வேர்ச்சொல் எளிதில் அழிவதில்லை. அன்றாட வாழ்வின் அடிப்படைச் சொற்கள் பிறமொழிக் கடனுக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. ஆகவேதான் மொழி உறவை ஆராய்வோர் இத்தகைய சொற்களை முதலில் ஒப்பிடுகின்றனர்.

இன்றைய சூழல்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களிலிருந்து பலர் வேலைக்கு வருகின்றனர். அவர்கள் அனைவரையும் ‘இந்திக்காரர்’ என்றழைப்பது இங்கே வழக்கம். ஆனால் அம்மாநிலங்களில் குடுக்கு பேசும் மக்களும் வாழ்கின்றனர். அவர்களின் ‘கெ’யும் நம் ‘சா’வும் ஒரே வேரில் கிளைத்தவை. குடுக்கை அழிவு வாய்ப்புள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்துள்ளது. அம்மொழி மறைந்தால், தமிழின் தொல்வரலாற்றைச் சொல்லும் சான்று ஒன்றும் அதனுடன் மறையும்.