மூக்குக்குப் பதில் காது

2021ல் கோவிட் வந்து போன பிறகு அம்மாவுக்கு வாசனை திரும்பவே இல்லை. மல்லிப்பூ தெரியவில்லை, பெருங்காயம் தெரியவில்லை என்று போனில் சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்கு பயம் வேறு. மதுரையில் தனியாக இருக்கிறார், அடுப்படியில் சிலிண்டர். கேஸ் கசிந்தால்?

இந்த கேஸ் நாற்றத்துக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. கேஸுக்குச் சொந்த வாசனை கிட்டத்தட்ட கிடையாது. நம் மூக்கில் ஏறுவது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருள், வேண்டுமென்றே கலப்பது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து நிறைந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு மின்கருவியின் பொறி போதுமாக இருந்தது. சுமார் 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன்பிறகுதான் அங்கே நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள்.

அதற்கு முன்பும் சுரங்கத் தொழிலாளிகள் மூக்கை நம்பியதில்லை. கண்ணைத்தான் நம்பினார்கள். 1815ல் ஹம்ப்ரி டேவி செய்த விளக்கில், மீத்தேன் இருந்தால் சுடர்மேல் நீலத் தொப்பி தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு கேனரிக் குருவி. மயங்கி விழுந்தால் ஓட வேண்டியதுதான். பிரிட்டனில் 1986 வரை இந்தக் குருவிகள் வேலை பார்த்தன, பாவம்!

அம்மாவுக்குக் கிடைத்த குருவி ஜப்பான்காரர் தாகுச்சியின் உபயம். 1960களில் அவர் உருவாக்கிய சென்சாரில், சூடான டின் ஆக்சைடில் கேஸ் பட்டால் மின்தடை குறையும். உடனே அலாரம் கத்தும். நாற்றம் சத்தமாகிவிடுகிறது.

வாங்கி அனுப்பியதில் நான் செய்த மடத்தனம் ஒன்று. எங்கள் புனே வீட்டில் குழாய் கேஸ். அது காற்றைவிட லேசு, மேலே போகும். அதனால் கருவி கூரையோரம் இருக்கிறது. அந்த ஞாபகத்திலேயே மதுரையிலும் உயரத்தில் மாட்டச் சொல்லிவிட்டேன். சிலிண்டர் கேஸ் கனம், தரையோடு படரும்! நல்லவேளை, எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்துவிட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறக்கினார்.

மறுநாளே அலாரம். ஓடிப் பார்த்தால், அம்மா பக்கத்தில் சானிடைசர் ஊற்றித் துடைத்திருக்கிறார். ஆல்கஹால் ஆவிக்கும் கேஸுக்கும் அந்த ஒற்றை சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. பல சென்சார்களைச் சேர்த்து வாசனைகளைப் பிரித்தறியும் மின்மூக்கை 1982லேயே பெர்சாடும் டாடும் இங்கிலாந்தில் செய்து காட்டினார்கள். எங்கள் அடுப்படிக்கு அது இன்னும் வரவில்லை.

"ஏம்ப்பா, பால் அடிப்பிடிச்சா இது சொல்லுமா?" என்று கேட்டார் அம்மா.

"சொல்லாதும்மா" என்றேன்.