கண் வைத்தியரும் கம்பனிப் பணமும்

நல்ல கண் வைத்தியரைத் தெரிந்துகொள்வது என்றுமே எளிதாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான ஜோன் டெய்லரின் வரலாறு இதற்குப் போதிய சான்று. இவர் 1736ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் கண் வைத்தியராக நியமனம் பெற்றவர். கண்களைச் சித்திரமாகத் தீட்டிய வண்டியிலே ஐரோப்பிய நகரங்கள்தோறும் செல்வார். சிகிச்சைக்கு முன் சபை கூட்டி நீண்ட பிரசங்கம் நிகழ்த்துவார். பின்னர் ஊசியினாற் புரையைக் கீழே தள்ளிக் கண்ணைக் கட்டிவிடுவார். நாட்கள் சில சென்று அக்கட்டை அவிழ்க்கும்போது வண்டி அடுத்த ஊரை அடைந்திருக்கும்!

1750ஆம் ஆண்டு வசந்தத்தில், ஜெர்மனியின் லீப்சிக் நகரிலே, இசைமேதை ஜோஹான் செபாஸ்தியன் பாக் இவரிடம் இருமுறை சத்திரசிகிச்சை பெற்றார். பார்வை போயிற்று, யூலை 28ஆம் திகதி உயிரும் போயிற்று. டெய்லரோ, 1761இல் வெளியிட்ட சுயசரிதையில், அம்மேதைக்குத் தாமே பார்வை அளித்ததாகக் கூசாமல் எழுதிவைத்தார். அரச பட்டத்தை நம்பியவர்களை நாம் எவ்வாறு குறை கூறுவது? விசாரித்தறிய அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

டெய்லரின் ஆரவாரமாவது கண்ணுக்குத் தெரிந்தது. மருந்தும் கண்வில்லையும் செய்யும் கம்பனிகள் வைத்தியர்களுக்கு அளிக்கும் பணமோ நெடுங்காலம் நோயாளிக்குத் தெரியாமலே இருந்தது. விருந்து, பிரயாணச் செலவு, ஆலோசனைக்கு ஊதியம், சொற்பொழிவுக்குச் சன்மானம் என அதற்கு உருவங்கள் பல.

ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, இக்கொடுப்பனவுகளைக் கம்பனிகள் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என விதித்தது. முதற் பட்டியல் 2014 செப்டெம்பர் 30ஆம் திகதி வெளியாயிற்று. வைத்தியரின் பெயரைக்கொண்டு எவரும் அதிலே தேடலாம்.

கண் வைத்தியத்தில் இது சிறு விடயமன்று. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியைப் பழுதாக்கும் நோய்க்கு அந்நாட்டில் இரு மருந்துகள் வழங்கின. 2011இல் லூசென்டிஸ் ஓர் ஊசி ஏறத்தாழ 2000 டொலராக இருந்தது. அவாஸ்டின் ஏறத்தாழ 50 டொலராக இருந்தது. பார்வையைக் காப்பதில் இரண்டும் சமமே என, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2011இல் கண்டது.

பட்டியலிற் பெயர் உண்டு என்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளியாகிவிடார். ஆராய்ச்சிக்கென வழங்கப்படும் பணமும் அங்கேதான் பதிவாகின்றது. புதிய வில்லைகளும் மருந்துகளும் ஆராய்ச்சியின்றி வாரா. ஆயினும், விலையுயர்ந்த ஊசியையே விதிக்கும் வைத்தியரின் பெயருக்கெதிரே அதனை விற்கும் கம்பனியின் விருந்துகள் அடுக்கடுக்காய் நிற்குமாயின், மற்றைய மருந்து எனக்கு ஏன் ஆகாது என நோயாளி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.