ஒளியின் உந்துதலும் சிறுகோளின் உடலும்: மட்டக்களப்புக் கடற்கரையிலிருந்து ஒரு நோக்கு

பூமியை அண்மிக்கும் சிறுகோள்களுள், பூமியின் பாதையை 0.05 வானியல் அலகுக்குள், அதாவது ஏறத்தாழ 75 இலட்சம் கிலோமீற்றருக்குள், நெருங்கும் சுற்றுப்பாதையும் ஏறக்குறைய 140 மீற்றருக்குக் குறையாத பருமனும் உடையவை ‘இடர் விளைக்கக்கூடியவை’ என வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வரைவிலக்கணத்தின் முதற்கூறு தொடர்ந்த அவதானங்களால் திருத்தப்படக்கூடியது. இரண்டாங்கூறோ பெரும்பாலும் ஊகத்தின்பாற்பட்டது. வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரியும் பொருளின் பருமனைப் பிரகாசத்தைக்கொண்டு கணிப்பதற்கு, விழும் ஒளியில் எத்தனை பங்கை அதன் மேற்பரப்பு திருப்பி அனுப்புகிறது என்னும் தெறிதிறனை அறிந்திருத்தல் வேண்டும். ஒரே பிரகாசமுள்ள இரு சிறுகோள்களுள் ஒன்றின் தெறிதிறன் 0.05 ஆகவும் மற்றதினது 0.35 ஆகவும் இருப்பின், கரியதன் விட்டம் மற்றதினதைப்போல் 2.6 மடங்காகவும் கனவளவு 18 மடங்காகவும் அமையும். மோதலின் ஆற்றல் திணிவைச் சார்ந்ததாகையால், பாதையை அறிந்த அளவிலே இடரையும் அறிந்துவிட்டதாகக் கொள்வது பொருந்தாது. பாதையே நாளடைவில் பொருளின் பௌதிக இயல்புகளால் மாற்றப்படுகிறது என்பது இதனினும் ஆழமான உண்மை.

இதனை இலங்கையின் தென்கடல் ஒருமுறை கண்டது. 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் கற்றலீனா வானாய்வுத் திட்டத்தினர் கண்டறிந்த டபிள்யூ.டி. 1190எஃப் என்னும் சிறு பொருள், நவம்பர் 13 முற்பகலில் தென்கரைக்கு அப்பால் வளிமண்டலத்துள் நுழைந்து எரிந்தது. அது எத்தகையது என்பதைச் சூரிய ஒளியின் அழுத்தம் முன்னரே காட்டிக்கொடுத்திருந்தது: ஈர்ப்புவிசை மட்டும் செயற்பட்டிருந்தால் செல்ல வேண்டிய பாதையிலிருந்து அது விலகிய அளவைக்கொண்டு கணித்தபோது, அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காக இருந்தது. எந்தப் பாறையும் அத்துணை இலேசாக இராது. ஆகவே அது உட்குழிவான செயற்கைப் பொருள், பெரும்பாலும் பழைய ஏவுகலம் ஒன்றின் பகுதி, என்ற முடிவு பெறப்பட்டது. ஒரு பொருள் ஒளிக்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதை அளந்து அதன் உடலை அறியும் முறைக்கு, இப்பிராந்தியத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பெரிய சிறுகோள்களில் இவ்வுந்துதல் வேறு வடிவங்கொள்கிறது. பகலில் வெப்பமேறிய மேற்பரப்பு சற்றுப் பிந்தி அவ்வெப்பத்தை உமிழும்போது மிகச் சிறிய பின்னுதைப்பு உண்டாகிறது. யார்கோவ்ஸ்கி விளைவு எனப்படும் இது, சுழற்சியின் திசை, மேற்பரப்பின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்தது. அப்போஃபிஸ் என்னும் சிறுகோளின் வரலாறு இதன் முதன்மையை உணர்த்தும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மட்டக்களப்பின் கல்லடி, நாவலடி உள்ளிட்ட, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டை அழித்தது. அதன் மறுநாள், 2029இல் அப்போஃபிஸ் பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு 2.7 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அச்சிறுகோள் கண்டுகொள்ளப்பட்டதும் அந்த அச்சம் நீங்கியது. ஆயினும், அதன் பாதையின் அரைப்பேரச்சு இவ்விளைவால் ஆண்டுக்குச் சுமார் 200 மீற்றர் வீதம் குறுகிவருவதால், 2068இல் மோதுமோ என்னும் ஐயம் 2021 மார்ச் மாத ராடார் அவதானங்கள் வரை எஞ்சியிருந்தது. அவ்வையத்தைத் தீர்ப்பதற்குப் பாதையின் துல்லியத்தோடு இந்த உந்துதலின் அளவும் வேண்டியிருந்தது.

ராடார் அளவீட்டின்படி அப்போஃபிஸின் சராசரி விட்டம் சுமார் 340 மீற்றர். அதன் நிறமாலை, இரும்பு குறைந்த எல்.எல். வகைக் கொண்ட்ரைட்டு விண்கற்களை ஒத்தது. அது ஒரே அச்சில் சுழலாது தள்ளாடிப் புரள்வதால், காலத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் ஒளி வளையியில் 30.6 மணி நேரம் முதன்மைக் காலமாகத் தோன்றுகிறது. ஓரிடத்து ஓரிரவில் அதன் மூன்றிலொரு பங்கைக்கூட முழுமையாகப் பதிவுசெய்தல் இயலாது. எனவே வெவ்வேறு நெடுங்கோடுகளிலுள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவதானிக்க வேண்டியுள்ளது. இந்து சமுத்திரத்தின் நடுப்பகுதியில் நிலம் அரிதாகையால், கிழக்கு நெடுங்கோடு 81 பாகைக்கு அப்பாலுள்ள மட்டக்களப்பின் இடம் இங்கே பெறுமதி பெறுகிறது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த, 2029இல் அது பூமியை அண்மிக்கவிருக்கும் ஏப்ரல் மாத வானமும், தென்வானை நன்கு காட்டும் 7.7 பாகை வட அகலாங்கும் இதற்குத் துணைசெய்வன. கடற்காற்றின் உப்பும் ஈரப்பதனும் கருவிகளுக்குப் பகையென்பதையும் மறுத்தலாகாது.

2029 ஏப்ரல் 13ஆம் நாள் இரவு, இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரவில், அப்போஃபிஸ் இந்து சமுத்திரத்தின் மேலாக மேற்கு நோக்கிக் கடக்கும். பின்னர் 14ஆம் திகதி அதிகாலை 3.16 அளவில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல், பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரத்தில், மிக அண்மையில் செல்லும். அக்கணம் மட்டக்களப்பின் அடிவானுக்குக் கீழே நிகழும் என்பதால் அந்த இரவின் பயன் குறைந்துவிடாது. பூமியின் ஈர்ப்பு அச்சிறுகோளின் சுழற்சியை எவ்வளவு மாற்றியது என்பதை அறிய, நெருக்கத்துக்கு முன்னரான சுழற்சி நிலை ஐயமின்றி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதற்கு வேண்டியவை, நெருக்கத்துக்கு முந்திய இரவுகளில் நேரக்குறிப்புத் தவறாது சிறு தொலைகாட்டிகளால் எடுக்கப்படும் ஒளியளவீடுகள்.

அமெரிக்காவின் ஒசைரிஸ்-அப்பெக்ஸ் கலம் அதனை அருகிலிருந்து ஆராயவிருக்க, கரையிலிருந்து எடுக்கும் அளவீடு எதற்கு என வினவலாம். கலம் அனுப்பப்படாத சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வடிவமும் சுழற்சியும் தெறிதிறனும் தரையிலிருந்து உய்த்தறியப்படுவனவாகவே இருக்கும். அவ்வாறு உய்த்தறியும் முறைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை, கலமும் தரையும் ஒரே பொருளை ஒரே பருவத்தில் நோக்கும் அரிய வேளையிலேயே சரிபார்க்க முடியும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் மாணவர்கள் இப்பணிக்கு இப்போதே பயிற்றப்படுதல் வேண்டும். ஒளியளவீட்டில் நிலையான துல்லியம் பெறுவதற்கு, தெரிந்த சுழற்சிக் காலமுடைய வேறு சிறுகோள்களைப் பல பருவங்கள் அவதானித்துப் பழக வேண்டியிருக்கும்.