ஆரியச்சக்கரவர்த்தியும் பாதமலை யாத்திரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சுண்ணக்கற் பாறைமீது அமைந்த தட்டை நிலம் அது. கீரிமலையும் பெயரளவில் மலையேயன்றி, கடலோரக் கேணியாற் சிறப்புற்ற தலமாகும். அத்தகைய நாட்டின் அரசன் ஒருவன், ஈழத்தின் மிகக் கடினமான மலையேற்றம் ஒன்றுக்கு ஆளும் பொருளும் உதவினான் என்பதை மொரோக்கோ யாத்திரிகர் இபுன் பதூதாவின் பயண நூலால் அறிகிறோம்.

கி.பி. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல், காற்றின் வேகத்தால் திசைமாறிப் புத்தளத்தை அடைந்தது. அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை மதித்து வரவேற்றான். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியதென்றும், அவன்முன் முத்துக்கள் குவிந்திருந்தனவென்றும் யாத்திரிகர் கூறுகிறார். மர அரண் சூழ்ந்த புத்தளத்தையே அவர் தலைநகரெனக் கொண்டார்; நல்லூரைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் இல்லை.

வேண்டியதைக் கேட்குமாறு மன்னன் கூறியபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிக்கும் விருப்பமொன்றையே அவர் வெளியிட்டார். சைவர் சிவனொளிபாதமலையென்றும் பௌத்தர் ஸ்ரீபாதமென்றும் போற்றும் 2243 மீற்றர் உயரமான சிகரமே அது. மன்னன் பல்லக்கும் அதனைச் சுமக்க அடிமைகளும் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் 4 பேர், பிராமணர் 3 பேர், பரிவாரத்தார் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினான்.

இப்பகுதியை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் யாழ்ப்பாண அரசின் கடல் வலிமையையும் எல்லையையும் அளவிடவே பயன்படுத்தியுள்ளனர். எமக்கு அந்த 4 யோகியரே முக்கியமானவராகத் தோன்றுகின்றனர். மலையோ அவ்வரசனின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. இருந்தும் அவனைச் சார்ந்த துறவியர் ஆண்டுதோறும் அங்கு சென்றுவந்தனர். வழியறிந்த அவர்களே ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குத் துணையாயினர். மலை எவருக்கு உரியது என்னும் பிற்கால வழக்கு, அப்பாதையில் நடந்தோரிடையே எழுந்ததாக இந்நூலிற் குறிப்பில்லை.

ஏற்றத்தைப் பற்றிய வருணனை நுட்பமானது. பாறையிற் படிகள் வெட்டப்பட்டிருந்தன. இரும்பு முளைகளிற் பிணைத்த 10 சங்கிலிகளைப் பற்றியே ஏறவேண்டும். இறுதிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அவ்விடத்திற் கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோம் என்றஞ்சிக் கலிமா ஓதுவராம். நூல் 1355இலேயே நிறைவுற்றதாதலின் நினைவுப் பிழைகள் சில இருக்கலாம். எனினும் இவ்வச்சம் நேரிற் கண்டவருடையதே.

பாபா வழி, மாமா வழி என இரு பாதைகள் இருந்தன. ஆதமின் பெயரால் வழங்கிய பாபா வழி செங்குத்தானது. ஏவாளின் பெயரால் வழங்கிய மாமா வழி எளியது. எளிய வழியால் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கொள்ளப்படவில்லை. இறங்குவதற்கு மட்டும் அது அனுமதிக்கப்பட்டது. இபுன் பதூதாவும் அவ்வழியாலேயே இறங்கினார்.