ஓர் இடக்குறியின் வரலாறு

சென்ற மாதம் ஆய்வுக்காகத் தொகுத்த உரைக்கோப்பு ஒன்றுக்குச் சொல்லடைவு ஆக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை எஃப்டெல் வழியாகக் குறித்துவைத்து, பின்னர் எஃப்சீக் வழியாக அவ்விடத்துக்கே மீள்வது என் சி நிரலின் வேலை. கோப்பு 2 ஜிபியைக் கடந்ததும் எஃப்டெல் -1 என்று விடையளித்தது. நிரல் அதைச் சோதிக்காமல் அடைவில் எழுதிக்கொண்டே சென்றது. பாதி அடைவு பாழ். பிழை என்னுடையதே, ஆயினும் அதன் வேர் ஐம்பது ஆண்டுப் பழமை உடையது.

1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பு 16 பிட் கணினியில் இயங்கியது. அதன் சீக் அழைப்பு ஏற்ற எண்ணும் 16 பிட்டே. ஆகவே கோப்பின் தொடக்கத்திலிருந்து 65,535 பைட்டுக்கு அப்பால் நேரடியாகத் தாவ இயலாது. அதனைக் கடக்க, கொடுத்த எண்ணை 512ஆல் பெருக்கிக்கொள்ளும் தனி முறை ஒன்றை வைத்திருந்தனர். முதலில் தொகுதிக்குத் தாவி, பிறகு பைட்டுக்கு நகர வேண்டும்.

1979இல் ஏழாம் பதிப்பு 'லாங்' எனும் 32 பிட் எண்ணைக் கையாண்டு எல்சீக்கைத் தந்தது. பெயரின் முன்னெழுத்து அந்த லாங்கையே குறிக்கும். எல்லை 2,147,483,647 பைட்டாக உயர்ந்தது. அன்று அது எட்டாத் தொலைவு.

1989இல் சி மொழியின் தரத்தை வகுத்தோர் அத்தொலைவும் போதாதென்று உணர்ந்தனர். எஃப்கெட்பாஸ், எஃப்செட்பாஸ் என்னும் இணையைச் சேர்த்தனர். இவை இடத்தை எண்ணாகக் காட்டாமல் மூடிய பொதியாகத் தருகின்றன. திரும்பிச் செல்லலாம், கூட்டவோ கழிக்கவோ இயலாது. எனவே 1990களில் வட்டுகள் 2 ஜிபியைத் தாண்டியபோது, யுனிக்ஸ் நிறுவனங்கள் கூடிப் பேசி எஃப்சீக்கோ, எஃப்டெல்லோ ஆகியவற்றை வகுத்தன. 1997இன் யுனிக்ஸ் பொதுவரையறை அவற்றை ஏற்றது.

ஆயினும் பழைய எல்லை மறைந்துவிடவில்லை. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட்; 64 பிட் விண்டோஸில் அது இன்றும் 32 பிட்டே. ஒரே நிரல் ஓரிடத்தில் பிழைக்கும், மற்றோரிடத்தில் பிறழும்.

கோப்பு வளர்ந்த ஒவ்வொரு முறையும் இடக்குறியே சிறுத்துப்போயிற்று என்பதே இவ்வரலாறு. பெரிய தொகுப்புகளோடு உழலும் நண்பர்கள் தம் நிரலில் இடக்குறி எந்த வகை எண்ணில் இருக்கிறது என்பதை இன்றே ஒருமுறை பாருங்கள். திரும்பிவரும் -1ஐயும் சோதியுங்கள்.