ஜமைக்காவில் சமூகப்பணிக் கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை

ஜமைக்காத் தீவில் அடிமைத்தனம் 1838 ஆகஸ்டு முதல் நாளன்று முற்றிலும் ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்றோரில் மிகப் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. பாப்டிஸ்டு மிஷனெரி ஜேம்ஸ் பிலிப்போ 1835-இலேயே நிலம் வாங்கி ஸ்லைகோவில் என்னும் குடியிருப்பை நிறுவியிருந்தார். இத்தகைய சுதந்திரக் கிராமங்கள் பின்னர்ப் பெருகின. திருச்சபைகள் பள்ளிகளையும் அறப்பணிகளையும் நடத்தின. ஆனால் அப்பணிக்கெனத் தனிப்பயிற்சி இருக்கவில்லை; நல்லெண்ணமே போதுமெனக் கருதப்பட்டது.

1937-இல் நார்மன் மான்லி ‘ஜமைக்கா வெல்ஃபேர்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்றுமதியாகும் வாழைத்தார் ஒன்றுக்கு ஒரு சென்ட் வீதம் அதற்கு நிதி கிடைத்தது. மறு ஆண்டே தொழிலாளர் கிளர்ச்சி வெடித்தது. மேற்கிந்தியத் தீவுகளின் நிலையை ஆராய வந்த மோயின் ஆணையம் கொடிய வறுமையைக் கண்டது. திருமணமின்றி அமையும் குடும்பங்களையும் ஒழுக்கக்கேடெனக் கண்டித்தது.

1944-இல் ஆளுநரின் துணைவியார் லேடி ஹக்கின்ஸ் தலைமையில், சபைகளின் ஆதரவோடு, மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தோரைப் பெருந்திரளாக மணமுடிக்கும் இயக்கம் எழுந்தது. திருமணங்கள் சிறிது காலம் கூடின, பின்னர்க் குறைந்தன. இதன் காரணம் விளங்க, மக்களின் வாழ்வைக் கூர்ந்து ஆராய வேண்டியிருந்தது. ஜமைக்காவைச் சேர்ந்த ஈடித் கிளார்க் மூன்று ஊர்களை ஆராய்ந்து 1957-இல் ஒரு நூல் வெளியிட்டார். குடும்ப அமைப்பு நிலவுரிமையோடும் பிழைப்போடும் பிணைந்தது என்று அவர் காட்டினார்.

மோனாவில் 1948-இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1962-இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகமாகத் தனித்தியங்கலாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அங்கே சமூகப்பணிக்கான ஈராண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி நடைபெற்றது. களப்பணியில் முன்னரே ஈடுபட்டிருந்தோர்க்கு, சிபில் பிரான்சிஸ் அம்மையார் வழிநடத்திய சமூகநலப் பயிற்சி மையம் நான்கு மாதப் பயிற்சி அளித்தது. பிற கரீபியத் தீவுகளிலிருந்தும் பணியாளர் வந்து பயின்றனர். அதே மோனாவில்தான் 1966-இல் பல சபைகள் இணைந்து ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவின.

இவ்வரலாறு ஆயர்களாகிய நமக்கு ஓர் எச்சரிக்கை. 1944-இல் சபைகள் அன்பின்றிச் செயல்பட்டன என்று கூற இயலாது. ஆனால் எவர்க்குப் பணிசெய்தனவோ அவர்களிடம் முதலில் கேட்டறியவில்லை. வீடு சந்திக்கச் செல்லும் இறையியல் மாணவர், அறிவுரை கூறுமுன் அவ்வீட்டார் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை அறிந்துகொள்வாராக.