போர்மென்தாலின் குறிப்பேடு

நம்மில் பலருக்கு உருசிய இலக்கியம் அறிமுகமானது மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலேறி வந்த தமிழ் நூல்களின் வாயிலாகத்தான். கெட்டி அட்டையும் மலிந்த விலையும் கொண்ட அந்நூல்களில் தால்ஸ்தாயைப் படித்தோம், செகாவைப் படித்தோம், கார்க்கியின் 'தாய்' படித்துக் கண் கலங்கினோம். ஆயினும் அந்த வரிசையில் மிகாயில் புல்காகவின் 'நாயின் இதயம்' என்னும் குறுநாவல் 1987-க்கு முன் இடம்பெற்றிருக்க வழியே இல்லை. எழுதப்பட்ட ஆண்டு 1925. ஆசிரியரின் சொந்த நாட்டில் அச்சேறிய ஆண்டு 1987. இடைப்பட்ட 62 ஆண்டுகள் அக்கதை எங்கிருந்தது என்பதைக் கூறுமுன், கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாஸ்கோ நகரம், உறைபனிக் காலம். உணவுச்சாலைச் சமையற்காரன் வீசிய வெந்நீரால் விலா வெந்த தெருநாய் ஒன்றை, பேராசிரியர் பிரியோபிரஷேன்ஸ்கி இறைச்சித் துண்டு காட்டித் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறார். முதியோர்க்கு இளமையை மீட்டுத் தரும் அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்றவர் அவர். இறந்துபோன ஒருவனுடைய விரைகளையும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் அந்நாய்க்குப் பொருத்துகிறார். நாய் மெல்ல மெல்ல மனிதனாகிறது. ஷாரிகோவ் என்று பெயர் சூட்டிக்கொள்கிறது. நகரில் திரியும் பூனைகளைப் பிடித்தொழிக்கும் அலுவலகத்தில் பதவி பெறுகிறது. முடிவில், தன்னை ஆக்கியவர் மீதே அதிகாரிகளுக்குப் புகார் எழுதுகிறது.

இக்கதையைச் சொல்பவர் ஒருவர் அல்லர். தொடக்கத்தில் நாயே தன் துன்பத்தைப் புலம்புகிறது. பின்னர் ஆசிரியரின் குரல் வருகிறது. ஆனால் நாய் மனிதனாகும் அந்த அற்புதத்தை மட்டும் புல்காகவ் தம் வாயாலும் சொல்லவில்லை. நாயின் வாயாலும் சொல்விக்கவில்லை. பேராசிரியரின் உதவியாளராகிய மருத்துவர் போர்மென்தாலின் குறிப்பேட்டை அப்படியே நம் கையில் கொடுத்துவிடுகிறார். கதையில் இரண்டாம் இடத்து மாந்தர் அவர். அரைப்பட்டினி மாணவராக வந்து பேராசிரியரால் ஆதரிக்கப்பட்டவர், நன்றி மறவாதவர்.

குறிப்பேட்டின் முதற் பக்கங்கள் ஒரு நோயாளியின் பதிவு போலவே அமைந்துள்ளன: நாயின் வயது, இனம், எடை, உடல் வெப்பம். கையெழுத்து சீரானது. நாளாக ஆக மைக்கறைகள் பெருகுகின்றன, எழுத்து ஓடுகிறது. உரோமம் உதிர்வதும் வால் விழுவதும் மருத்துவ வழக்கிலேயே பதிவாகின்றன. புல்காகவ் கீவ் நகரில் மருத்துவம் பயின்று 1916-இல் பட்டம் பெற்றவர். சில காலம் மருத்துவராகவும் பணிபுரிந்தவர். அக்கல்வி இப்பக்கங்களில் வீண்போகவில்லை.

நாய் முதன்முதல் உச்சரிக்கும் சொல் 'அபிர்வால்க்'. அது 'கிளாவ்ரிபா' என்னும் மீன் விற்பனைக் கடையின் பெயர்ப்பலகையைக் கடைசியிலிருந்து படித்தது என்று போர்மென்தால் கண்டுபிடித்துவிடுகிறார். ஏன் தலைகீழாக? நாயின் பார்வை நரம்புகளின் அமைப்பே காரணம் என்று அறிவியல் விளக்கம் எழுதி மகிழ்கிறார். நமக்கோ உண்மைக் காரணம் முன்பே தெரியும்: பலகையின் தொடக்கத்தில் எப்போதும் காவலர் ஒருவர் நின்றதால், அடிக்கஞ்சிய தெருநாய் மறுமுனையிலிருந்து வந்து எழுத்துக் கற்றது! அறிஞர் கண்ணுக்கு நரம்பு தெரிகிறது; காவலர் தெரியவில்லை. முக்கியப் பாத்திரமல்லாத ஒருவரின் பார்வையில் கதை சொல்வதன் பயன் இதனினும் நன்றாக விளங்குமோ?

இன்னுமோரிடம். சுரப்பி தந்தவன் மதுக்கடைகளில் பாலலைக்கா வாசித்துத் திரிந்த திருடன், குத்துப்பட்டுச் செத்தவன். அவனைப் பற்றிய பதிவுகளைப் பேராசிரியர் கவலையோடு புரட்டிக் கொண்டிருக்கிறார். இந்த நாயை உயர்ந்த மனிதனாக வளர்க்கலாம் என்று கனவு காணும் போர்மென்தாலுக்கு ஆசிரியரின் கவலை புரியவில்லை. புரியவில்லை என்பதையும் நேர்மையாக எழுதி வைக்கிறார். நமக்குப் புரிந்துவிடுகிறது.

1925 மார்ச் 7-ஆம் நாளும் 21-ஆம் நாளும் மாஸ்கோ இலக்கிய வட்டமொன்றில் புல்காகவ் இக்கதையைப் படித்துக் காட்டினார். கேட்டவர்கள் நகைத்து மகிழ்ந்தனர். கூட்டத்தில் ஒருவர் மட்டும் கேட்டதையெல்லாம் மனத்திற் பதித்துக்கொண்டு போய், இரகசியக் காவல்துறையினர்க்கு விரிவான அறிக்கை எழுதினார். அவரும் ஒரு வகையில் குறிப்பேட்டுக்காரரே. போர்மென்தாலின் நேர்மைதான் இல்லை. 'நேத்ரா' என்னும் வெளியீட்டின் ஆசிரியர் அங்கார்ஸ்கி கதையை வெளியிட எவ்வளவோ முயன்றார். கட்சித் தலைவர்களுள் ஒருவரான காமெனெவ், அச்சிடவே கூடாது என்று மறுத்துவிட்டார்.

1926 மே 7 அன்று புல்காகவின் இல்லம் சோதனையிடப்பட்டது. கதையின் தட்டச்சுப் படிகளோடு, அவர் சில ஆண்டுகளாக எழுதிவந்த நாட்குறிப்புகளையும் எடுத்துச் சென்றனர். பன்முறை முறையிட்ட பின், கார்க்கியின் உதவியால் 1929-இல் அவை திரும்பக் கிடைத்தன. நாம் கண் கலங்கிப் படித்த அதே கார்க்கிதான். இந்த உதவியையும் அவர் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

கதைப்படிகளைப் புல்காகவ் பாதுகாத்தார். 1940 மார்ச் 10-ஆம் நாள் அவர் மறையும் வரை அது அச்சேறவில்லை. 1968-இல் வெளிநாட்டில் உருசிய மொழியில் வெளிவந்தது. 1987-இல் 'ஸ்நாமியா' இதழ் அதனைத் தாயகத்தில் வெளியிட்டது.

நாட்குறிப்பை அவர் பாதுகாக்கவில்லை. அயலார் கை பட்ட ஏடு தமக்கு வேண்டா என்று எண்ணினார் போலும், தீயிலிட்டார். ஆனால் பறித்துச் சென்றவர்கள் முன்பே படியெடுத்து வைத்திருந்தனர். அந்தப் படி காவல்துறையின் காப்பகத்தில் கிடந்து, சோவியத் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வெளிப்பட்டது. இனி நாட்குறிப்பே எழுதுவதில்லை என்று புல்காகவ் உறுதி பூண்டிருந்தார். அவர் வற்புறுத்தியதன் பேரில், 1933 செப்டம்பர் முதல் நாளன்று, அவர் மனைவி எலேனா ஒரு குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.